இருபத்து நாலில் ஒரு லாரி

நாமக்கல்லுக்குத் தெற்கே, கல்லாங்காட்டுப்புதூர் விலக்கில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை ஒன்று இருந்தது. பெயிண்டர் செங்கோடன், தச்சன் நாச்சிமுத்து, வெல்டர் பொங்கியண்ணன் என்று மூன்று பேர் அதில் வேலை பார்த்தார்கள். மூன்று பேர் கையிலும் வித்தை இருந்தது. ஆனால் மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதன் பெயர் அத்தியப்ப மேஸ்திரி.

மேஸ்திரி பக்கத்தில் இருக்கிறவரை ஒரு வம்பும் வராது. அவர் "அடி" என்றால் அடிப்பார்கள், "போதும்" என்றால் நிறுத்துவார்கள். ஒரே ஒரு தடவை "அடி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால், ஆணி பலகைக்குள் புகுந்து, கீழே இருந்த பெஞ்சுக்குள்ளும் புகுந்து, லாரியும் பெஞ்சும் ஒரே உடம்பாகியிருந்தன. அதிலிருந்து அவர் டீயைப் பட்டறைக்கே வரவழைத்துக் குடித்தார்.

அப்பேர்ப்பட்ட மேஸ்திரி, மச்சினன் கல்யாணத்துக்கென்று மூன்று நாள் பழனிக்குப் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாள் விடிந்ததும், லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் கருப்பண்ணன் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார். ஆள் நல்ல வாட்டசாட்டம். அவர் உட்கார்ந்ததும் நாற்காலி ஒரு சத்தம் போட்டு அடங்கியது.

பெட்டிக்குள் முழங்கை நீளத்தில் ஒரு பொம்மை லாரி. வெளிநாட்டுச் சாமான், துண்டு துண்டாக வரும், நாமே பசை வைத்து ஒட்டிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முகப்பு இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு சக்கரத்தைக் காணோம். பின்னால் தொட்டி நொறுங்கிக் கிடந்தது.

"நான் டிரைவரா இருந்தப்ப ஒருத்தர் குடுத்தது. நானே உக்காந்து ஒட்டினேன். இதான் சாமி எனக்குன்னு இருந்த மொத லாரி," என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஞாயித்துக்கெழம சங்கத்துக்குப் பொன்விழா. மேடையில வெக்கணும். முன்ன இருந்ததுக்கு ஒரு படி மேல செஞ்சு குடுங்க. நல்லா வந்துருச்சுன்னா, சங்கத்துல புதுசா எடுக்கற பன்னெண்டு லாரிக்கும் பாடி உங்க பட்டறையிலதான்."

நாலு மாதமாகச் செங்கோடனின் தூரிகை லாரியையே தொடவில்லை. பால் கேனுக்குப் பேர் எழுதி எழுதி, அவனுக்கே தன் மேல் பால் வாடை அடிக்கத் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு லாரி! இருபத்து நாலு கதவு! ஒவ்வொன்றிலும் ஒரு பூக்கொத்து வரைவதாக மனசுக்குள் அப்போதே வரைந்து பார்த்துவிட்டான்.

தலைவர் போனதும் மூவரும் முதல் வேலையாக லாரியைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டறை வாசற்படியில் வைத்தார்கள்.

"ஒரு படி மேலன்னுதான சொன்னாரு?" என்று கேட்டான் நாச்சிமுத்து. ஒன்பதாவது வரை படித்தவன் என்பதால் சந்தேகங்களை அவன்தான் தீர்த்து வைப்பான். "ரெண்டாவது படிக்குப் போயிறாதீங்க. சொன்னதுக்கு மேல செய்யப்படாது."

பிறகு மேஸ்திரிக்குப் போன் போட்டார்கள். அந்தப் பக்கம் நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. மேஸ்திரி கத்தினார்.

"டேய், நெச லாரியில இருபத்து நாலுல ஒரு பங்குடா அது. எல்லாத்தையும் அதே கணக்குல செய்யுங்க! மொதல்ல கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு வேலையை ஆரம்பிங்க! பசை வெச்சா, காயறவரைக்கும் கையை எடுக்காதீங்க! பெயிண்ட் அடிச்சா ஒரு நாள் காயணும்! தாலி கட்டறாங்க, வெக்கறேன்!"

மூவரும் பயபக்தியோடு அதைக் கேட்டுக்கொண்டார்கள்.

"நெச லாரிக்குக் கூலி ஆளையும் சேத்து ஆறு பேர் வேலை செய்வோம்," என்றான் நாச்சிமுத்து. "ஆறுல இருபத்து நாலுல ஒரு பங்குன்னா கால் ஆளு. இந்த வேலைக்குக் கால் ஆளு போதும்."

"கால் ஆளுக்கு எங்கடா போறது?" என்று கவலைப்பட்டான் செங்கோடன்.

இருவரும் யோசித்துவிட்டு மெல்லப் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள்.

"அண்ணன் முழு ஆளுதான். ஆனா செய்யற வேலை கால் ஆளு வேலைதான," என்றான் நாச்சிமுத்து.

பொங்கியண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. தன்னால் ஒரு கணக்கு சரியாக வந்ததில் அவருக்குப் பெருமைதான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக மாடத்தில் வைத்தார். அவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் லாரியே தெரியாது; அதிலும் இது முழங்கை நீள லாரி.

"எங்கடா இருக்குது?" என்று துழாவிக்கொண்டே வேலையை ஆரம்பித்தார்.

தொட்டிக்குப் பலகை வேண்டுமே என்று நாச்சிமுத்துவும் உட்கார்ந்தான். தேக்குச் சிம்பை எடுத்து வெற்றிலை கனத்துக்கு இழைத்தான். மீதிச் சிம்பில், காணாமல் போன இரண்டு சக்கரத்தையும் கடைந்து மாட்டினான். அதில் குறையே கிடையாது. பிறகு ஒரு ஆணியை எடுத்து இருபத்து நாலு துண்டாக அறுத்தான். அறுத்து முடித்த பிறகுதான் தெரிந்தது, தலை ஒரு துண்டுக்குத்தான் இருக்கிறது, மற்ற இருபத்து மூன்றும் முண்டம். தலையுள்ள துண்டு வேண்டுமென்று இன்னும் இருபத்து மூன்று ஆணியை அறுத்தான். மத்தியானச் சாப்பாடு தவறிப்போனது.

மறுநாள் காலையில் பொங்கியண்ணன் முகப்புக்குப் பசை வைத்து இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தார். பிடித்தவர் பிடித்தபடியே இருந்தார். டீ வந்தது, செங்கோடன் ஊற்றிவிட்டான். மூக்கு அரித்தது; நாச்சிமுத்து சொறிந்துவிட்டான். பதினோரு மணி ஆயிற்று.

"காஞ்சுருக்குமாடா?" என்றார்.

"தொட்டுப் பார்த்தாத்தான் தெரியும்," என்றான் செங்கோடன்.

"தொடணும்னா கையை எடுக்கணும். காயறவரைக்கும் எடுக்கப்படாதுன்னு சொல்லியிருக்குதே."

"எடுக்காம எப்படித் தெரியும்?"

"தெரியாம எப்படி எடுக்கறது?"

நாச்சிமுத்துவின் முகத்தில்தான் முதலில் வெளிச்சம் வந்தது. அதே பசையைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் தடவி, கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டான். "இது காயறப்ப அதுவும் காஞ்சிருக்கும்," என்றான். சித்த நேரம் கழித்துக் கையைப் பிரித்துப் பார்த்தான். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தான். வரவேயில்லை.

"காஞ்சுருச்சு!" என்று துள்ளிக் குதித்தான்.

அதிலிருந்து அவன் யாரைப் பார்த்தாலும் கும்பிட்டபடியே நின்றான். இரும்புக்கடைக்காரர் பதறிப்போய், "எதுக்கு தம்பி இவ்வளவு மரியாதை?" என்று அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இனி செங்கோடனின் முறை. பின்கதவில் ஒரு மயில் வரைந்தான். மூன்று விரல் அகலம்தான் இடம். அதற்குள் கழுத்துக்கு நீலம், கண்ணுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, ஒடுக்கித் தொங்கவிட்ட தோகை எல்லாம் வந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு மயிலை அவன் வரைந்ததில்லை. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று மூச்சையும் அடக்கிக்கொண்டான்.

"ஒரு நாள் காயணும்," என்றார் பொங்கியண்ணன்.

"அது நெச லாரிக்குண்ணா. இது ஒரு மணி நேரம் காஞ்சாப் போதும்," என்றான் நாச்சிமுத்து, கும்பிட்டபடி.

ஒரு மணி நேரத்தில் லாரியை நிமிர்த்தி வைத்தார்கள். பெயிண்ட் ஒழுகியது. தோகை இடமும் வலமும் வழிந்து, கதவு முழுக்கப் பரவி, அப்படியே நின்றது. பன்னிரண்டு லாரியும் வரிசையாகப் பட்டறையை விட்டுப் போவது செங்கோடன் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதான்.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தான். "ஏன்டா அழுவற? மயிலு தோகை விரிச்சிருக்குது. மழை வரும், அவ்வளவுதான். நாளைக்குக் கொடை எடுத்துக்கலாம்."

ஞாயிறு காலை பூஜை. நெச லாரிக்குச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். இதற்குச் சுண்டைக்காய் வைத்தார்கள். பூசணிக்காய்க்குப் பதில் கோவைக்காய் உடைத்தார்கள். கற்பூரத்தில் ஒரு பொடியைக் கிள்ளி வைத்தார்கள். தீக்குச்சி பக்கத்தில் வருமுன்பே அது காற்றோடு போய்விட்டது. சுடர் சின்னதாக இருந்ததால் தெரியவில்லை என்று முடிவு செய்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சங்கக் கட்டடம் ஒரு கிலோமீட்டர் தூரம். கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்றான் செங்கோடன்.

"லாரியைத் தூக்கிட்டுப் போனா பிரேக்டவுன்னு நெனைப்பாங்க. நல்ல நாளும் அதுவுமா அது வேண்டாம்," என்றார் பொங்கியண்ணன்.

ஆகவே ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். செங்கோடன் குனிந்து தள்ளினான். பொங்கியண்ணன் சுள்ளென்ற வெயிலில் லாரிக்குக் குடை பிடித்தார். நாச்சிமுத்து எதிரே வந்த வண்டிகளையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே முன்னால் நடந்தான்.

பாதி வழியில், லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற எடைமேடை இருந்தது. "சங்கத்து லாரியே எடை போடாமப் போனா தலைவருக்குத்தான் கெட்ட பேரு," என்றான் நாச்சிமுத்து. மேடையருகில் 'ஆட்கள் மேடையில் நிற்கக் கூடாது' என்று பலகை இருந்ததால், ஓரத்தில் நின்றே குடையின் நுனியால் லாரியை நடுவே தள்ளிவிட்டார்கள்.

எடை போடுகிற ருக்குமணி உள்ளே மிசினைப் பார்த்தபடி மைக்கில் சொன்னாள்: "சைபர் காட்டுதுங்க. லாரியை ஏத்துங்க."

"ஏத்தியாச்சுங்!"

"இல்லீங்ணா, மேல ஒண்ணுமே இல்லீங்."

மூவரும் மேடையை எட்டிப் பார்த்தார்கள்.

"என்ற கண்ணுக்குத் தெரியுதேடா," என்றான் செங்கோடன்.

"மிசினுக்கு சர்க்கார் முத்திரை குத்தியிருக்குது. உன்ற கண்ணுக்கு முத்திரை இருக்குதா?" என்றான் நாச்சிமுத்து. "இல்லைன்னா இல்லைதான். லாரி தொலைஞ்சு போச்சு."

செங்கோடன் அழுதுகொண்டே மேடையில் ஏறித் தேடினான். மற்ற இருவரும் கூட ஏறித் தேடினார்கள்.

"இப்பக் காட்டுதுங்க," என்றது மைக். "நூத்தித் தொண்ணூறு கிலோ."

"கெடைச்சுருச்சு!" என்று மூவரும் கட்டிக்கொண்டார்கள். சந்தோஷமாகக் கீழே இறங்கினார்கள். மறுபடி சைபர். அலறிக்கொண்டு ஏறினார்கள். நூத்தித் தொண்ணூறு. மூன்று தடவை தொலைந்து, மூன்றாம் தடவையும் கிடைத்த பிறகு, இனி யாரும் அசைவதில்லை என்று தீர்மானித்து லாரியைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

பத்து மணிக்கு விழா. பதினொன்றுக்குத் தலைவர் கருப்பண்ணன் அவர்களைத் தேடிக்கொண்டு ஜீப்பில் வந்து குதித்தார். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. "பட்டறையை இழுத்துப் பூட்டிப்போடறேன் பாரு!" என்று சொல்லிக்கொண்டே தடதடவென்று எடைமேடையில் ஏறினார்.

"முந்நூறு கிலோ," என்றது மைக்.

"லாரி வளருதுடா," என்றார் பொங்கியண்ணன் மெதுவாக.

தலைவர் குனிந்து லாரியை எடுத்தார். திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே நின்றது. பின்கதவை வெயிலுக்குக் காட்டிக் காட்டிப் பார்த்தார். செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான்.

"இந்த மயிலை யாரு வரைஞ்சது?"

"நானுங்க. ஆனா நான் வரையறப்ப அது தோகை விரிக்கலீங்க."

"என்ற மொத நெச லாரிக்கு மயிலுதான் கேட்டேன்," என்றார் தலைவர். "அந்தப் பெயிண்டர் வரைஞ்சு குடுத்ததைப் பார்த்து, ஊர் பூராவும் கோழி லாரின்னு கூப்பிட்டாங்க. இருவது வருசம் கோழி லாரி ஓட்டினேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பன்னெண்டு லாரியும் உனக்குத்தான். பன்னெண்டுலயும் இதே மயிலு. இதே மாதிரி விரிச்சிருக்கணும்."

லாரியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு இறங்கிப் போய் ஜீப்பில் ஏறினார். செங்கோடன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றான்.

"நூத்தித் தொண்ணூறு," என்றது மைக்.

நாச்சிமுத்துவின் உதடு முணுமுணுவென்று கணக்குப் போட்டது. "முந்நூறு கிலோ இருந்துச்சு. அவரு லாரியை எடுத்துட்டுப் போனதும் நூத்திப் பத்து கொறைஞ்சு போச்சு. நூத்திப் பத்து கிலோவை ஒத்தக் கையில தூக்கிட்டுப் போறாருடா!"

"சும்மாவா அவரைத் தலைவரா வெச்சிருக்காங்க," என்றார் பொங்கியண்ணன்.

செங்கோடனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அப்ப மீதி நூத்தித் தொண்ணூறு?"

மூவரும் காலடியில் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மிசின் பொய் சொல்லாது.

"பாவம், அவரும் மனுசன்தான. ஒரே நடையில அத்தனையும் தூக்க முடியுமா?" என்றான் நாச்சிமுத்து. "மீதியை எடுக்கத் திரும்பி வருவாரு. அதுவரைக்கும் யாரும் எறங்கிறாதீங்க."

பொங்கியண்ணன் குடையை விரித்து, மீதி லாரிக்குப் பிடித்தார்.