மணலை விழுங்கிய பேரிங்

"இதுல எது உறுதி, டீச்சர்?"

தூத்துக்குடிப் படகுப் பட்டறை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்த சவரிராயன், எஞ்சின் தண்டைச் சுற்றித் தாங்கும் மூன்று பேரிங்குகளை மாலை வகுப்பு ஆய்வகத்து மேசைமேல் வைத்தார். ஒன்று முழு வெண்கலம். மற்ற இரண்டுக்கும் உள்பக்கம் ஈயக் கலவை; ஒன்றில் வெள்ளீயம் கூடுதல், இன்னொன்றில் காரீயம்.

ஜெனோவா வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் மாலை வகுப்பில் அவருக்கு எஞ்சின் பாடம் எடுத்தவர்.

"வெண்கலம்தான் அண்ணாச்சி. காரீயம், சுமை ஏறினா பிதுங்கிரும். வெள்ளீயம் கொஞ்சம் தாங்கும்."

"அப்ப வெண்கலம் மாதிரிதான் இருக்கணும்."

"யாரு?"

"நான்தான்."

காலையில் முதலாளி அவரை எல்லார் முன்னாலும் ஏசியிருந்தார். சவரிராயன் கல்லாக நின்றார். பிறகு உள்ளே போய், அதே வார்த்தைகளை வெல்டர் பிச்சையாமேல் கொட்டினார். பல வருஷம் ஒரே சோற்றுப் பாத்திரத்தில் கைபோட்ட பிச்சையா, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறிவிட்டான்.

ஜெனோவா எழுந்தார். சோதனை மெஷினில் வெண்கலத்தை மாட்டினார். எண்ணெயில் ஒரு சிட்டிகை மணலைப் போட்டு ஓட்டினார். பல் கூசும் சத்தம்.

நிறுத்தினார்.

"பேரிங்குக்கு ஒண்ணும் ஆகலையே," என்றார் சவரிராயன்.

"உள்ள சுத்துன தண்டைத் தடவிப் பாருங்க."

விரலில் வரிவரியாகக் கீறல் தட்டியது.

வேறு தண்டு, வெள்ளீய பேரிங், அதே மணல். சத்தம் எழுந்தது, மெல்ல அடங்கியது.

தண்டு பளபளவென்று இருந்தது. மணல் முழுக்க ஈயத்துக்குள் புதைந்து கிடந்தது.

சவரிராயன் கீறல் விழுந்த முதல் தண்டை மறுபடி தடவினார். அதில் அவருக்குப் பிச்சையாவின் முகம்தான் தெரிந்தது.

"வர்றதையெல்லாம் உள்ளயே புதைச்சுக்கணுமா டீச்சர்? எத்தனை நாளைக்கு? நசுங்கிப் போயிர மாட்டேனா?"

ஜெனோவா அந்த வெள்ளீய பேரிங்கைத் திருப்பி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

கை தாழ்ந்தது. பேரிங்கின் முதுகு முழுக்கத் தடித்த எஃகு. ஈயம் அதன்மேல் மெல்லிய பூச்சுதான்.

சவரிராயன் விரலால் அந்த முதுகைச் சுண்டினார். இன்னொரு தடவை சுண்டினார்.

பிறகு ஃபோனை எடுத்தார்.

"முதலாளி, சவரி பேசுதேன். பிச்சையா வெளியேறுனதுல அவன் மேல தப்பில்ல; நான்தான் அவன ஏசுனேன். மன்னிப்புக் கேக்க அவன் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு வந்தா அவனோடதான் வருவேன்."

மறுமுனையில் வசவு தொடங்கியது.

சவரிராயன் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"சரி முதலாளி," என்றார். "ரெண்டு பேரும் எட்டு மணிக்கு வந்துருவோம்."