மாதம்மா வாங்காத மோட்டார்

“எந்த மோட்டார் வாங்கட்டும் டீச்சர்? பேரை மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

மாதம்மா வாசலில் நின்றபடியே கேட்டாள். அவள் செய்த வண்டியை ஷேர் ஆட்டோக்காரர் அவள் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தபித்தா தலையைத் தூக்கிப் பார்த்தாள். “உள்ள வாங்கக்கா. முதல்ல தண்ணி குடிங்க.”

தபித்தாவுக்கு முப்பது வயது இருக்கும். ராயக்கோட்டையில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள அறையில் சனிக்கிழமைகளில் ரோபோ செய்யச் சொல்லிக்கொடுப்பாள். வருகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். ஐம்பதைத் தாண்டியவள் மாதம்மா ஒருத்திதான்.

மாதம்மா பட்டுப்புழு வளர்க்கிறவள். போன வருடம் முழங்கால் மூட்டில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், இனி சுமை தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

புழுவுக்கு அதெல்லாம் தெரியாது. அதற்கு நேரத்துக்கு மல்பெரி இலை வந்தாக வேண்டும்.

அதனால் தானே ஒரு வண்டி செய்தாள். தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துக்கொண்டே போகிற வண்டி. இலைக் கொட்டகையில் கூடையை ஏற்றிவிட்டால், புழு வளர்க்கிற மனைக்குள், புழுத் தட்டுகளின் வரிசை வரைக்கும் கொண்டுபோய் நிற்க வேண்டும்.

வெறும் வண்டி அழகாகப் போனது. கூடையை ஏற்றினால் மனை வாசல் சரிவில் நின்றுவிட்டது.

“முதல்ல பொம்மை கார் மோட்டார் போட்டேன். காத்தாடி மாதிரி சுத்துச்சு, நகரலை” என்றாள் மாதம்மா. “நீங்க சொன்ன பிறகு கியர் வெச்சது வாங்கினேன். அது சரிவு வரைக்கும் வந்துச்சு. அங்க போய் முனகுச்சு. நானும் ஏறிடும் ஏறிடும்னு விட்டேன். புகை வந்துடுச்சு.”

“ரெண்டு சக்கரத்து மோட்டாருமா?”

“ஒண்ணு. அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி மாட்டிட்டேன். ஆனா பயமா இருக்கு, சரிவுகிட்ட விடலை.”

“அப்புறம்?”

“சென்னப்பன் வந்தான்.”

சென்னப்பன் அவள் தம்பி. ஓசூரில் பெரிய கம்பெனி ஒன்றில் வேலை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, மலிவாக வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்றான். கம்பெனியில் போடுகிற மோட்டாரின் படத்தை போனில் காட்டினான். அதற்குத் தனி பேட்டரி வேண்டும். போன தடவை பட்டுக்கூடு விற்ற பணம் மொத்தமும் அதற்கே போய்விடும்.

“இல்லேன்னா மனையை வாடகைக்கு விடுன்னு சொல்றான். தக்காளிப் பெட்டி அடுக்க இடம் கேக்கறாங்களாம்.” மாதம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். “இளம்புழு வியாழக்கிழமை வருது டீச்சர். வந்த பிறகு நான் யோசிக்க முடியாது. அந்தப் பெரிய மோட்டாரை வாங்கவா, வேண்டாமா?”

தபித்தா எழுந்தாள். அலமாரிக்கு அடியில் கிடந்த துணிப்பையை இழுத்தாள். உள்ளே பழைய இரும்புத் துண்டுகள். அதைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

“எழுந்து இதைப் பிடிங்க.”

“டாக்டர் தூக்கக் கூடாதுன்னு...”

“கொஞ்ச நேரம்தான். கால் வலிச்சா வெச்சிடுங்க.”

மாதம்மா எழுந்து பையைப் பிடித்தாள்.

“கையை முன்னால நல்லா நீட்டுங்க. மடக்கக் கூடாது.”

நீட்டினாள். தோள் நடுங்கியது. முகம் சிவந்தது. “ஐயோ, விழுந்துடும் டீச்சர்!”

“விழாது. முழங்கையை மடக்குங்க. நெஞ்சோட சேர்த்துப் பிடிங்க.”

மாதம்மா அப்படியே செய்தாள். மூச்சு விட்டாள்.

“இப்ப?”

“இப்ப ஒண்ணுமில்லை. பேசிக்கிட்டே நிப்பேன்.”

“பையை மாத்தினேனா?”

“இல்லை.”

“கையை மாத்தினேனா?”

“என் கைதானே!”

தபித்தா பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய், பாதியில் விட்ட சால்டரிங் வேலையை எடுத்துக்கொண்டாள்.

மாதம்மாவுக்குக் கோபம் வந்தது. வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்ல இத்தனை கஷ்டமா? ஆட்டோவுக்குப் போன் செய்ய நினைத்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று குனிந்தாள்.

அப்போதுதான் சக்கரம் கண்ணில் பட்டது.

பழைய சாமான் கடையில் கிடைத்த சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரம். பெரிய சக்கரம் சுலபமாக உருளும் என்று அவளே தேடி எடுத்து மாட்டியது.

அச்சில் கட்டைவிரலை வைத்தாள். விரலை விரித்துப் பார்த்தாள். சக்கரத்தின் விளிம்புக்கு ஏறக்குறைய ஒரு சாண் இருந்தது.

இன்னொரு கையால் தன் தோளைத் தொட்டாள். இன்னும் வலித்தது.

“டீச்சர்.”

“ம்.”

“இந்த மோட்டார் பாவம். நான்தான் அதைக் கையை நீட்டிச் சுமக்க வெச்சிருக்கேன்.”

தபித்தா நிமிரவில்லை. ஆனால் சிரித்தாள்.

“ஸ்பேனர் இருக்கா?”

“மேசையில இருக்கு.”

“சின்னச் சக்கரம்?”

“ஜன்னல்கிட்ட டப்பாவுல பாருங்க.”

உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர் சக்கரங்கள் அதில் கிடந்தன. மாதம்மாவால் தரையில் உட்கார முடியாது. வகுப்புக்கு வந்திருந்த பிள்ளைகள் இரண்டு பேரை அழைத்து வண்டியை மேசைமேல் வைக்கச் சொன்னாள். சைக்கிள் சக்கரங்களைத் தானே கழற்றினாள். தபித்தா ஒருமுறைகூட எழுந்து வந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை இளம்புழு வந்தது.

அடுத்த வாரங்களில் புழு தோலுரித்து வளர்ந்து, நிறையத் தின்னத் தொடங்கியது. கூடை நிறைய இலை வேண்டியிருந்த ஒரு காலையில் சென்னப்பன் போன் செய்தான்.

“மோட்டார் வாங்கிட்டியாக்கா?”

“இல்லைடா. பழசேதான்.”

“ஏறுதா?”

“ஏறுது.”

அவன் நம்பவில்லை. வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். அவள், வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள். பிறகு தபித்தாவை அழைத்தாள்.

“டீச்சர், சரிவு ஏறிடுச்சு. முனகலே இல்லை. கையை வெச்சுப் பாத்தேன், மோட்டார் சூடாகலை.”

“சந்தோஷம் அக்கா.”

“ஆனா ஒரு குறை. முன்ன மாதிரி வேகம் இல்லை. ரொம்ப மெதுவாப் போகுது. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிடலாம். இதுக்கு வேற மோட்டார் ஏதாவது...”

“அக்கா, இப்ப எங்க நின்னு பேசறீங்க?”

“நிக்கலையே. மனையிலதான் இருக்கேன். நாற்காலி போட்டு உக்காந்து, காலை நீட்டிக்கிட்டு...”

மாதம்மா சிரித்துவிட்டாள். “மெதுவாவே போகட்டும் டீச்சர்.”

கூடை நிறைய இலையோடு வண்டி அவள் நீட்டிய காலைத் தாண்டி, தட்டு வரிசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.