பீரங்கியில் வார்த்த பதக்கம்

ஜெர்மனி ஒரே நாடாகச் சேராத காலம். கைக்குட்டை அகலத்துக்கு நாடுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசர்! அவற்றில் ஒன்று பிர்க்கன்டால். காலையில் கிளம்பி நடந்தால் மத்தியானச் சாப்பாட்டை வெளிநாட்டில் சாப்பிடலாம். வீரர்கள் முப்பத்தேழு பேர். பீரங்கி ஒன்றே ஒன்று. அரசர் ஓட்டோகரின் ஆசை மட்டும் கடலளவு.

ஒருநாள் சபையில் முழங்கினார்: "நம் படைக்கு வெண்கலத்தில் வீரப் பதக்கம் வேண்டும்!"

"பேஷாகச் செய்யலாம் அரசே. தேவாலயத்தில் விரிசல் விட்ட மணி ஒன்று சும்மா கிடக்கிறது" என்றார் அரண்மனை ஆலோசகர் லெபரெக்ட்.

"மணியா?" சேனாதிபதி கூனிபெர்ட்டின் மீசை துடித்தது. "எதிரியிடம் பிடித்த பீரங்கியை உருக்கித்தான் வீரப் பதக்கம் வார்ப்பார்கள். உத்தரவு கொடுங்கள் அரசே. பக்கத்து மூல்ஹைன் மீது நாளைக்கே படையெடுக்கிறேன்!"

லெபரெக்டுக்குப் பகீரென்றது. வீரர்கள் என்று பெயரே தவிர, அத்தனை பேரும் ரொட்டிக்காரர், நாவிதர், தையல்காரர். போனால் எத்தனை பேர் திரும்புவார்கள்?

"போரில்லாமலே பீரங்கி வரும் அரசே" என்று சொல்லிவிட்டார்.

"அப்படியா? எட்டு நாள் தருகிறேன். விலைக்கு வாங்கக்கூடாது. திருடக்கூடாது. எதிரி போட்டுவிட்டு ஓட, நம் ஆட்கள் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் போர்தான். கொடியைத் தூக்கிக்கொண்டு நீதான் முதல் வரிசை!"

கூனிபெர்ட் சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்தது.

ஏழாம் நாள் விடிந்ததும் லெபரெக்ட் வீரர்களோடு பீரங்கியை இழுத்துக்கொண்டு எல்லைக்குப் போனார். மாலையில் மூல்ஹைன் பீரங்கியோடு திரும்பினார். ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை!

அரசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பீரங்கியை உருக்கினார்கள், பதக்கங்கள் வார்த்தார்கள். முதல் பதக்கத்தை அரசர் தமக்கே குத்திக்கொண்டார். எந்த வீரத்துக்கு என்று கேட்க யாருக்குத் தைரியம்?

"நம் பீரங்கியை வெடியுங்கள்! மூல்ஹைனுக்குக் கேட்கட்டும்!"

வீரர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

"நம் பீரங்கியையே காணோம் அரசே!" கூனிபெர்ட் துள்ளினார். "இந்தத் துரோகி அதை எதிரிக்குக் கொடுத்துவிட்டான்!"

அரசரின் முகம் சிவந்தது. "எங்கே அது, லெபரெக்ட்?"

"மூல்ஹைன் பிடித்துவிட்டது அரசே. அந்த அரசருக்கும் பதக்க ஆசை. நம்மைப் போலவே அவருக்கும் ஒரு சேனாதிபதி இருக்கிறார், பாவம். நேரில் போய்ப் பேசி முடித்தேன். காலையில் நாங்கள் பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடினோம், அவர்கள் பிடித்தார்கள். மத்தியானம் அவர்கள் ஓடினார்கள், நாங்கள் பிடித்தோம். நடுவில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்."

"மடையா! நாளைக்கு அவன் படையெடுத்து வந்தால் என்ன செய்வேன்?"

"எதைக் கொண்டு வருவார் அரசே? அவர் பீரங்கி உங்கள் மார்பில். உங்கள் பீரங்கி அவர் மார்பில்!"

அரசர் முறைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் தம் பதக்கத்தைக் கழற்றி லெபரெக்டின் கோட்டில் குத்தினார்.