வழியனுப்ப வராதவள்

தவசிமுத்து மலாவியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக மெய்யம்மையைப் பார்க்க வந்தார்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மெய்யம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சின்னத் தியான இல்லத்தில் அவள்தான் குரு, அவர் சீடர். அவர் "அம்மா" என்பார். அவள் "ஐயா" என்பாள். இருவருக்கும் அதில் கூச்சம் இருந்ததில்லை.

அரசு மருத்துவமனையில் இயன்முறை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர் தவசிமுத்து. கை கால் விழுந்தவர்களை எழுப்பி நடக்க வைப்பதே அவர் தொழில். ஓய்வுக்குப் பிறகு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ள மலாவி நாட்டில், ஏரிக்கரை ஊர் ஒன்றின் மருத்துவமனைக்குத் தொண்டராகப் போனார். "போய் வாருங்கள்" என்று அனுப்பியவள் மெய்யம்மைதான். ஒரு வருடம் ஓடிவிட்டது.

அவர் வந்தபோது அவள் தோட்டத்தில் அவரைக்கொடிப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாருங்கள் ஐயா. போன காரியம் எப்படி?"

"நன்றாகவே நடந்தது அம்மா. பெருமைக்குச் சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களை உட்கார வைத்தேன். உட்கார்ந்திருந்தவர்களை நடக்க வைத்தேன். அங்குள்ள நர்சுகளுக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டேன்."

"சந்தோஷம்."

"மறுபடி வரச் சொல்கிறார்கள்."

"எப்போது கிளம்புகிறீர்கள்?"

"போவதாக இல்லை."

மெய்யம்மை கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"உடம்புக்கு முடியவில்லையா?"

"உடம்பு கல் மாதிரி இருக்கிறது. மனசுதான் விட்டுப்போய்விட்டது."

"என்ன நடந்தது?"

தவசிமுத்து பந்தல் நிழலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

அங்கே சிசோமோ என்று ஒருத்தி. சந்தையில் தக்காளி விற்றுப் பிழைத்தவள். லாரி மோதி, ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவர் முதன்முதலில் பார்த்தபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரோடும் பேச்சு இல்லை. அவர் நீட்டிய ஊன்றுகோலை வாங்கி அவர் மேலேயே வீசினாள்.

"நான் விடவில்லை அம்மா. தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். அவள் பாஷையில் தெரிந்த நாலு வார்த்தையை அரைகுறையாகச் சொல்வேன். நான் சொன்ன லட்சணத்தைக் கேட்டு ஒருநாள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தாள்."

"பிறகு?"

"செயற்கைக் கால் பொருத்தினோம். முதல் அடியிலேயே என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். நான் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று அவள் பாஷையில் திட்டினாள். நான் தமிழில் திட்டினேன். வார்டே சிரித்தது."

சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்தது.

"அப்புறம் என் கையை விடவே மாட்டாள். நான் கொஞ்சம் விலகினால் அப்படியே நின்றுவிடுவாள். என் மகள் போனில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அவளும் என்னை 'அப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் விடாமல் போய்ப் பார்த்து, முற்றத்தில் நடக்க வைப்பேன்."

அவர் குரல் தணிந்தது.

"நான் கிளம்பிய அன்று ஊரே மருத்துவமனை வாசலில் கூடிவிட்டது. பாடினார்கள், ஆடினார்கள். முகம் தெரியாதவர்கள்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் வரவில்லை."

"நீங்கள் போவது அவளுக்குத் தெரியாதோ?"

"முந்தின நாள் நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை."

"ம்."

"வண்டியைக் காக்க வைத்தேன். டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு நர்சுதான் சொன்னாள். தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே சந்தைக்குப் போய்விட்டாளாம்."

"அதற்கு முந்தின நாட்களில் போய்க்கொண்டிருந்தாளா?"

"எங்கே! அடிபட்ட பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்கு அந்த நாளா கிடைத்தது? எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். யாரிடமும் எதையும் எதிர்பார்த்ததில்லை. ஆனால் 'அப்பா' என்று கூப்பிட்ட வாய் அல்லவா? 'போய் வா' என்று ஒரு சொல் சொல்லக்கூடாதா அம்மா?"

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெய்யம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"சந்தை பக்கத்தில்தானா?"

"பக்கமா? இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும்."

"வண்டி போகுமா?"

"ஒற்றையடிப் பாதை. சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும்."

"அப்படியானால் நடந்துதான் போயிருக்கிறாள்."

"நடந்துதான்."

"யார் கையைப் பிடித்துக்கொண்டு போனாள் ஐயா?"

"யார் கையையும் பிடிக்கவில்லை அம்மா" என்றார் தவசிமுத்து.