காலர் காத்த ரகசியம்

வாய் திறக்காத சாமான்களாகவே பார்த்துப் பார்த்துச் சேர்த்த வீடு ஒன்று இருந்தது. அங்கே வளர்மதியும் அவளுடைய ஒன்பது வயது மகள் தமயந்தியும் வாழ்ந்தார்கள். தமயந்தி எச்.ஐ.வி.யோடு பிறந்தவள். தெருவுக்கு அது தெரியக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதனால் அவளுடைய மாத்திரைகள், குலுங்கினாலும் சத்தம் வராதபடி பஞ்சு வைத்து, பழைய பவுடர் டப்பாவுக்குள் இருந்தன.

ஜூனில் அங்கே வந்து சேர்ந்தது பள்ளிச் சட்டையின் காலர். கஞ்சி போட்டு விறைத்தது. கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"இங்க கண்டது இந்த வீட்டோட போகணும்," என்று பவுடர் டப்பா முதல் நாளே சொல்லி வைத்தது.

கார்த்திகையில் தமயந்தியின் கழுத்தில், காதுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி குடியேறியது. வலியே இல்லை.

"நான் பாட்டுக்கு ஓரமா இருந்துக்கறேன்," என்றது கட்டி. "நீ மேல் பட்டனைப் போட்டுக்கிட்டு நிமிர்ந்து நில்லு, போதும்."

காலருக்குப் பெருமை தாங்கவில்லை. டப்பாவுக்கு ஒரு ரகசியம் என்றால் தனக்கும் ஒன்று கிடைத்துவிட்டதே! பட்டனை இறுக்கிக்கொண்டது. கட்டி நெல்லிக்காய் அளவு ஆனது.

ஒருநாள் தமயந்தி தானே தலை வாரிக்கொள்ளும்போது சீப்பு அதில் தட்டி நின்றது.

"என்னடா இது?" என்று காலரைக் கேட்டது சீப்பு.

"ரகசியம்."

"யாரோட ரகசியம்?"

காலர் சற்று விலகிக் கட்டியைக் காட்டியது. டப்பாவோ பதறிப்போனது.

"அடப் பாவி! இந்தக் கிருமி இருக்கற பிள்ளைங்களுக்குப் புத்துநோய் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி, கட்டி தெரிஞ்சா அன்னிக்கே வாங்கன்னு மாத்திரை குடுக்கற சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே. நான் மறைச்சது அவளைக் காப்பாத்துற மருந்தை. நீ மறைக்கிறது அவளைத் தின்ன வந்ததை!"



மறுநாள் மாத்திரை வாங்கப் போகும் நாள். தெருவில் யாராவது கேட்டால் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள, சீருடையிலேயே மகளைக் கூட்டிப்போவது வளர்மதியின் வழக்கம். சிகிச்சை மையத்தில் எடை பார்க்க சகாயமேரி சிஸ்டர் குனிந்தபோது, காலர் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டனை விட்டது. அது தெறித்து உருண்டது.

சிஸ்டரின் விரல்கள் கழுத்தில் நின்றன. "எத்தனை நாளா இருக்கு வளர்மதி?"

"ஐயோ, நான் கவனிக்கலையே சிஸ்டர்..."

"அழாதீங்க. இப்பவாவது கண்ல பட்டுச்சே. ஒரு வேளைகூட விடாம மாத்திரை குடுத்திருக்கீங்க, உடம்புல தெம்பு இருக்கு. வைத்தியத்தைத் தாங்கிடுவா."

புற்றுதான் என்று சோதனை சொன்னது. பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு மாத வைத்தியம். தமயந்தியின் முடியெல்லாம் கொட்டியது. வேலையில்லாமல் கிடந்த சீப்பு ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை. "பிள்ளை இருந்தா முடி தன்னால வரும்," என்றது.

பிள்ளை பிழைத்தாள். பவுடர் டப்பாவுக்கும் சீப்புக்கும் காலர் வாய் ஓயாமல் நன்றி சொன்னது. திறந்து கிடப்பதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று அதற்கு யாரும் சொன்னதில்லை.

வைத்தியம் முடிந்து மையத்துக்குப் போன அன்று, வளர்மதி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. "இந்தக் கையாலதான் சிஸ்டர் என் பிள்ளை எனக்கு மிஞ்சினா."

பிறகு வரிசையில் போய் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒன்பது வருஷமாக அவளும் அப்படித்தான். பக்கத்தில் ஒருத்தி, கைக்குழந்தையைத் துண்டால் கழுத்துவரை போர்த்தி வைத்திருந்தாள்.

வளர்மதி அவள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, பாப்பா கழுத்தை ஒரு தடவை தொட்டுப் பாருங்க," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.