எட்டாவது கோப்பை

மஸ்கட் கம்பெனி ஒன்றில் தணிகாசலம் மேனேஜர். வந்து பதினெட்டு வருஷம். "அரபி எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லாத நாளில்லை.

காபி ஊற்றும் சவரிமுத்து வந்து ஆறே மாதம். வாசல் காவலாளியிடம் அரபி கற்றுவந்தான்.

"நாளைக்குப் புது முதலாளி வர்றார். அரபி மட்டும்தான் பேசணும். தமிழ் பேசினா ஊருக்கு டிக்கெட்!" என்று உறுமினார் மேனேஜர்.

மறுநாள் அரபு முதலாளி பேசப் பேச, மேனேஜர் தலையை மட்டும் ஆட்டினார். சவரிமுத்து குட்டிக் கோப்பைகளில் காபி ஊற்றினான். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஊற்றிக்கொண்டே இருப்பது அந்த ஊர் மரியாதை. முதலாளி மூன்றாவதில் ஆட்டிவிட்டார். மேனேஜருக்கு அது தெரியாது. ஏழாவதில் முழி பிதுங்கியது.

"போதும்டா பாவி!"

"என்ன சொல்கிறார்?" என்று முதலாளி அரபியில் கேட்டார்.

"இன்னொன்று கேட்கிறார்" என்று அரபியில் சொல்லி, எட்டாவதை ஊற்றினான் சவரிமுத்து. பிறகு மேனேஜரிடம் அரபியிலேயே பணிவாகக் கேட்டான்: "தமிழ் பேசினால் டிக்கெட் என்றீர்களே, அது உங்களுக்கும்தானே ஐயா?"

மேனேஜர் கம்பீரமாகத் தலையை ஆட்டினார்.