முட்டை நாளில் வந்த செய்தி

எட்டாம் வகுப்பு ஆசிரியை தமயந்திக்கு வகுப்பெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் தலைமையாசிரியர் எபநேசர். பதினெட்டு வருடமாகியும், சந்தேகம் என்றால் அவரிடம்தான் போவாள்.

அந்தப் புதன்கிழமை பத்தே முக்காலுக்கு ஊரில் எல்லோருடைய போனுக்கும் ஒரு குரல் பதிவு வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்று மதியம் சத்துணவு முட்டை சாப்பிட்ட மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்களாம். அதே முட்டைதான் எல்லாப் பள்ளிக்கும் வந்திருக்கிறதாம். பேசிய பெண் விம்மி விம்மி அழுதாள்.

பதினொன்றரைக்குள் பெற்றோர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நேரே சமையல் கூடத்துக்குப் போனார்கள். ஒருவர் சமையல்காரப் பேச்சியம்மாளின் கையைப் பிடித்து முறுக்கினார்.

"எத்தனை பிள்ளைங்களைக் கொல்லப் பார்த்தே?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா!"

யாரோ விறகுக்கட்டையை எடுத்தார்கள். தமயந்தி வராந்தாவிலேயே நின்றுவிட்டாள்.

எபநேசர் கூட்டத்துக்குள் புகுந்து பேச்சியம்மாளுக்கு முன்னால் நின்றார். பக்கத்து ஊர்த் தலைமையாசிரியைக்குப் போன் செய்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்படி எதுவும் இல்லையே சார். இங்க இன்னும் சாப்பாட்டு மணியே அடிக்கலை. யாரும் முட்டையைத் தொடக்கூட இல்லை."

விறகுக்கட்டை கீழே விழுந்தது. ஆனாலும் பாதிப் பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். பேச்சியம்மாளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. மதியம் எட்டாம் வகுப்பில் மிச்சமிருந்தவர்கள் முட்டையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்கள்.

தமயந்தி தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"ஒரு செய்தி வந்தா அது உண்மையான்னு எப்படிப் பார்க்கிறதுன்னு ஆறு வாரம் நடத்தினேன் சார். யார் சொன்னது, எப்போ நடந்தது, வேற யார்கிட்ட விசாரிக்கலாம்னு. பரீட்சையில எல்லாரும் நல்ல மார்க். இன்னைக்கு ஒரு பிள்ளைகூட அந்தக் கேள்வியைக் கேட்கலை. அந்தக் கட்டை பேச்சியம்மா தலையில விழுந்திருந்தா? நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"அந்தப் பதிவு உங்களுக்கு எப்போ வந்தது, டீச்சர்?"

"பத்து அம்பதுக்கு."

"கேட்டதும் என்ன செஞ்சீங்க?"

அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மகளோட ஸ்கூலுக்குப் போன் பண்ணி, அவளுக்கு முட்டை கொடுக்காதீங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"எங்க அக்காவுக்கு அனுப்பினேன். அவ பேரனும் ஸ்கூல் போறான்."

"விசாரிச்சீங்களா?"

"இல்லை சார். அந்தப் பொண்ணு அழுததைக் கேட்டதும் நம்பிட்டேன். மதியம்னு சொன்னாளே, மணி இன்னும் பதினொண்ணுகூட ஆகலையேன்னு எனக்குத் தோணவே இல்லை."

"இதை அப்படியே வகுப்புல போய்ச் சொல்லுங்க."

தமயந்தி ஓரடி பின்வாங்கினாள்.

"பிள்ளைங்ககிட்டயா? இதைச் சொல்லிட்டா அப்புறம் அவங்க என்னை எப்படி சார் நம்புவாங்க?"

எபநேசர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

"உங்களை நம்புறதுக்கா அவங்களுக்கு அந்தப் பாடத்தை நடத்தினீங்க?"